சிவப்புத் துணி கட்டாத வேலி

ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து, முதல் மழை விழுந்ததும் எங்கள் வேலியோரம் புல் முழங்காலுக்கு வளர்ந்துவிடும். செண்டாயானுக்கு அருகே, தோட்டத்தை ஒட்டிய வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. வாழைச் சருகைக் கழிப்பது, கறிவேப்பிலையை வெட்டிவிடுவது, வாய்க்காலைத் தூர்வாருவது எல்லாம் அப்போதுதான். ஓர் ஆண்டு எனக்கு இடுப்பு வலி. களையைக் கொத்தாமல் புல் மருந்து அடித்தேன்.

மருந்து அடித்த இடத்தில், யாரும் தொடாதிருக்கச் சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட வேண்டும். தோட்டத்தில் கிராணியாக, ஆட்களுக்குக் கணக்கெழுதி வேலை பார்க்கிறவனாக இருந்தபோது, அதை மறந்தவர்களை நானே திட்டியிருக்கிறேன். என் வீட்டு வேலிதானே என்று விட்டுவிட்டேன்.

கை கழுவும்போது பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்தேன். கணவரை இழந்து தனியாக இருப்பவர். வேலியோரத்து மணத்தக்காளியை எங்கள் பக்கமும் கைவிட்டுப் பறிப்பது அவர் வழக்கம். மடி நிறையக் கீரையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

கூப்பிட்டிருக்க வேண்டும். ஊரையே திட்டிய வாய்க்கு அப்போது வெட்கம். அவர் பக்கத்துச் செடியில் பறித்திருப்பார், எப்படியும் அலசுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மருந்துப் பம்பைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். அவர் வீட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

"என்னங்க, பம்பத் தேய்ச்சே ஓட்ட போட்றுவீங்க போல!" என்றாள் மனைவி.

செருப்பில்லாமல் ஓடினேன். அவர் தட்டின் முன் உட்கார்ந்து, சோற்றில் கீரையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வாங்க கிராணி ஐயா. வாசம் இழுத்துட்டு வந்துருச்சா? உங்க வேலிக் கீரைதான் லா, ஒரு வாய் சாப்பிடுங்க."

"சாப்பிடாதீங்கம்மா! அதுல புல் மருந்து அடிச்சிருக்கேன். வாயில வச்சீங்களா?"

"இல்ல ஐயா... இப்பத்தான் பிசைஞ்சேன்."

குழி தோண்டி, சட்டியோடு எல்லாவற்றையும் போட்டு மூடினோம். சோப்பு போட்டுக் கை கழுவியபின் கேட்டார்: "நான் பறிச்சது எப்ப தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

"இப்பத்தான். காம்பு கிள்ளியிருந்ததைப் பார்த்தேன், ஓடியாந்தேன்."

"சாமி மாதிரி வந்தீங்க," என்று ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

கோயிலில் என்னைக் காட்டி இன்னும் அதைச் சொல்கிறார். இந்த ஆண்டும் இலை உதிர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் மண்வெட்டிதான். இன்று காலை வேலிக்கு அப்பால் நின்று, "பறிக்கலாமா ஐயா?" என்று கேட்டார்.

"பறிங்கம்மா," என்றேன். மற்றதை இன்றும் சொல்லவில்லை.