மரம் அண்ணனுக்கு, மண் தம்பிக்கு

பதிவு பெற்ற இடுகாடு அல்லாத ஓர் இடத்தில் பிரேதத்தை அடக்கம் செய்ய விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். இறந்தவரின் நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்க வேண்டும். நிலத்துக்கு உரியவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அலுவலகத்தார் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை வைக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து விதி இது. தெளிவான விதி. அடக்கம் செய்யப்பட வேண்டியவரே கம்பை ஊன்றிக்கொண்டு வந்து மனுக் கொடுத்தால் என்ன செய்வது என்பதை மட்டும் அதை எழுதியவர் யோசிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து ஆட்களை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

போன மாதம் கருவூலத்துக்குப் போயிருந்தேன். ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை நேரில் போய், இன்னும் சாகவில்லை என்று காட்டிவிட்டு வர வேண்டும். அங்கிருந்த பெண் என் முகத்தையும் அட்டையில் ஒட்டியிருந்த புகைப்படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். புகைப்படத்தில் இருப்பவர்தான் கூடுதல் உயிரோடு தெரிந்தாரோ என்னவோ, என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தலைக்கு மேலே ஒரு பழைய மின்விசிறி. இறக்கை எதிலோ உரசிச் சரசரவென்று சத்தம். கண்ணை மூடிக்கொண்டால் காய்ந்த பனையோலைகள் கடற்காற்றில் ஒன்றோடொன்று உரசுவது மாதிரியே இருந்தது. மூடிக்கொண்டேன்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையூரணியைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் அப்போது அந்தப் பனங்காடு இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது மரங்கள் தரையில் நிற்பதாகவே தெரியாது. உப்பளத்து வெள்ளைக்கு மேலே கானல் ஓடும். அதன்மேல் கறுத்த தண்டுகள் மிதக்கும். கிட்டப் போகப் போக ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி மண்ணில் கால் வைக்கும். உள்ளே நுழைந்துவிட்டால் மழை பெய்கிற சத்தம். அண்ணாந்து பார்த்தால் ஒரு மேகம் இருக்காது. யுத்த காலம் அது. ஊரில் மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் வரிசை. தாலுகா அலுவலகத்தில் காகிதத்துக்குப் பஞ்சம். பழைய உத்தரவுகளின் முதுகில் புதிய உத்தரவுகளை எழுதினோம். நான் இளைய குமாஸ்தா. விதிகளை மனப்பாடமாகச் சொல்வதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. கலியாணச் சந்தை தவிர மற்ற எல்லா இடத்திலும் அதற்கு மதிப்பிருந்தது.

அப்போதுதான் சிவனணைந்தபெருமாள் வந்தார். எண்பதைக் கடந்தவர். அவர் பெயர் எந்தப் படிவத்தின் கட்டத்துக்குள்ளும் அடங்காது. 'பெருமாள்' எப்போதும் வெளியே தொங்கும். அவருடைய மனு ரத்தினச் சுருக்கமானது: தாம் இறந்தபின் பனங்காட்டில் தம் தகப்பனார் பலவேசமுத்துவின் சமாதிக்குப் பக்கத்தில் தம்மை அடக்கம் செய்ய அனுமதிக்க வேண்டும். அவர்கள் குடும்பத்தில் எரிப்பதில்லை, புதைப்பதுதான்.

நான் விதியைச் சொன்னேன். இறந்த பிறகு உறவினர் யாராவது வந்து விண்ணப்பிக்கலாம் என்றேன்.

"செத்தவன் வீட்டுல ஆயிரம் சோலி கெடக்கும் தம்பி. இப்பன்னா நான் சும்மாத்தானே இருக்கேன்" என்றார்.

மறுக்க முடியாத வாதம். மனுவை வாங்கிக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்து அவர் தகப்பனாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அன்றைக்கும், அடுத்து வந்த பல நாட்களிலும்.

பலவேசமுத்துப் பண்ணையார் தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்தச் சிவந்த மணல் காற்றடித்தால் இடம் மாறும்; இன்றைக்கு ஒருவன் நிலத்தில் இருப்பது நாளைக்கு அடுத்தவன் நிலத்தில் இருக்கும். நகராத மண் வேண்டும் என்ற ஒரே ஆசையோடு கருப்பட்டி வண்டி ஓட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து போனவர், யாரும் சீந்தாத உடைமரக் காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் பனங்கொட்டை புதைத்தார். முத்துக்குளிப்பு நடந்த ஒரு பருவத்தில் கரையில் குவித்துவைத்த சிப்பிகளை ஏலத்தில் எடுத்தார். திறந்து பார்க்காமல் எடுப்பதுதான் அந்த ஏலத்தின் விதி. முற்றத்தில் கொட்டி அழுகவிட்டார்கள். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாமனார் வீடுகளுக்குப் போய்விட்டார்களாம். அலசிப் பார்த்ததில் கடுகு மாதிரி சில மணிகள். விற்கவும் ஆகாது, வீசவும் மனசு வராது. பண்ணையார் சிப்பி ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி அதிலேயே வீடு கட்டினார். உச்சி வெயிலில் அந்தச் சுவரைப் பார்த்தால் கண் கூசும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நான் பார்த்தபோது அது பாதிச் சுவர்தான். அப்போதும் கூசியது.

அவருக்கு இருந்த ஒரே பயம் ஆதிச்சநல்லூரில் பிடித்தது. வெள்ளைக்காரர்கள் அங்கே பரம்பு மேட்டைத் தோண்டி முதுமக்கள் தாழிகளையும் எலும்புகளையும் எடுத்துக்கொண்டிருந்த காலம். பெட்டிகளில் வைக்கோல் வைத்து அடைத்துத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வண்டி கேட்டார்கள். நல்ல வாடகை. பண்ணையார் தம் வண்டிகளையே விட்டார். தாமும் கூடவே வந்தார். கடலோரத்தில் பெட்டிகளைத் தோணியில் இறக்கித் தூரத்தில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோவதைப் பார்த்தபடி நின்றவர், வீட்டுக்கு வந்து இரண்டு மகன்களையும் கூப்பிட்டுச் சொன்னாராம்: "எத்தன காலம் கெடந்த ஆளுவ, இன்னைக்குக் கப்பல்ல போறாங்க. என்னை வைக்கிற எடத்துல எம்பிள்ளைக காவல் இருக்கணும்."

காவலுக்கு அவர் கண்டுபிடித்த ஏற்பாடுதான் விசேஷமானது. மூத்தவர் சிவனணைந்தபெருமாள். இளையவர் நாசரேத்தில் படிக்கப் போன இடத்தில் ஞானஸ்நானம் பெற்று, ஆசீர்வாதம் என்று பெயர் மாற்றிக்கொண்டு, வாத்தியாராகித் திரும்பி வந்தவர். தகப்பனார் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தம் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள் என்று கணித்தார். எங்கள் பக்கத்தில் மரத்துக்கு ஒரு பட்டா, மண்ணுக்கு ஒரு பட்டா என்று பிரிக்கும் வழக்கம் உண்டு. பனங்காட்டில் மரங்களை எல்லாம் பெரியவருக்கும், மண்ணை எல்லாம் சின்னவருக்கும் எழுதிவைத்தார். ஒருவரைக் கேட்காமல் ஒருவர் எதுவும் செய்ய முடியாது. சமாதி நடுவில் இருக்கும். பிள்ளைகள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

பேசினார்கள், ஒரு புயல் அடிக்கும்வரை. சமாதியை ஒட்டி நின்ற ஒரு பனை அன்றைக்குச் சாய்ந்தது. மரம் என்னுடையது என்று அண்ணன் ஆள் கூட்டி வந்தார். நிற்கிறவரைதான் அது மரம், விழுந்தால் என் மண்மேல் கிடக்கிற பொருள் என்று தம்பி தடுத்தார். இரண்டுமே சட்டப்படி நிற்கக்கூடிய வாதம், அதுதான் வினை. ஒருவரும் எடுக்கவில்லை. மரம் கிடந்து மக்கி மண்ணாயிற்று. அதாவது தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. அப்போது அவர்களுக்குத் தலை நரைக்கவில்லை.

ஆக, மனுவில் இரண்டு குறைகள். மனுதாரர் உயிரோடிருக்கிறார். மனுதாரருக்கு மேலே இருப்பதெல்லாம் சொந்தம், கீழே இருப்பது சொந்தமில்லை. விதிப்படி மண்ணுக்குரியவருக்கு நோட்டீஸ் அனுப்பினேன். மறு வாரமே ஆசீர்வாதம் வாத்தியார் வெள்ளைக் கோட்டும் குடையுமாக வந்தார். சம்மதமா, ஆட்சேபமா என்று கேட்டேன்.

"எங்கண்ணன் எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

இதை அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க அப்பன் பக்கத்துல நான் படுக்க, நான் தூக்கி வளத்த பயகிட்ட அனுமதி கேக்கணுமாக்கும்? சர்க்கார்கிட்ட கேட்டுக்கிடுதேன்."

அதன் பிறகு மனுவும் பதில் மனுவுமாக வந்தது. ஒருவர் செவ்வாய்க்கிழமை வருவார், மற்றவர் வியாழக்கிழமை. இது யாரும் போடாத விதி. ஒருவர் எழுதியதை மற்றவருக்குப் படித்துக் காட்டுவது என் வேலையாயிற்று. படித்து முடித்ததும் தம்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, நடையில எப்படி வாராரு, கம்பு இல்லாம வாராரா என்று விசாரிப்பார். அண்ணனோ, அவன் இருமுதானா என்று மட்டும் கேட்பார். பண்ணையாரின் ஏற்பாடு அப்படியொன்றும் தோற்றுப்போகவில்லை, தபால் செலவு சர்க்காருடையதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றும். கோப்பை நான் மேலிடத்துக்கு அனுப்பினேன்: முன்மாதிரி இல்லை, உத்தரவு வேண்டப்படுகிறது.

மேலிடம் மௌனமாக இருந்தது. நடுவே பெரியவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வராமல், அடுத்ததும் வராமல், மூன்றாவதில் வந்தபோது கோட்டைச் சுவர் மாதிரி இருந்த தோள் இறங்கியிருந்தது. "உத்தரவு எனக்கு முந்தி வருமா, பிந்தி வருமா தம்பி?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

இடத்தைப் பார்வையிட வேண்டும் என்ற விதி அப்போதுதான் எனக்குக் கைகொடுத்தது. பார்வையிடும்போது இரு தரப்பாரும் வந்தாக வேண்டும். தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கி இருவருக்கும் நோட்டீஸ் அனுப்பினேன். கிராமக் கணக்குப்பிள்ளை நிலம் அளக்கும் சங்கிலியோடு வந்தார். முன்பகல் வெயில். பெரியவரை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வாத்தியார் குடையோடு ஒரு பனைக்குப் பின்னால் நின்றார். அது அண்ணனுடைய மரம் என்பதாலோ என்னவோ அதில் சாயவில்லை. நடுவே தகப்பனாரின் சமாதி, சிப்பிச் சுண்ணாம்பு பூசியது. மேலே அந்த மழைச் சத்தம்.

எவ்வளவு இடம் தேவை என்று நான் படிவத்தில் உள்ளபடி கேட்டேன். பெரியவர் சமாதிக்குப் பக்கத்தில் போனார். கம்பைக் கீழே போட்டார். மெதுவாக உட்கார்ந்தார். பிறகு சமாதியை ஒட்டி மணலில் மல்லாந்து படுத்துக் கைகளை உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"இம்புட்டுத்தான்" என்றார்.

கணக்குப்பிள்ளை சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். ஓலை நிழல் பெரியவர் முகத்தில் வந்து வந்து போனது. கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா, வேறு எதுவுமா என்று சொல்ல முடியாத மாதிரி இருந்தது. வாத்தியார் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். குடையை அண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ஏண்ணே, எந்திரி. மணல் சுடுது."

பெரியவர் கண்ணைத் திறக்கவில்லை. "இது சர்க்கார் சொல்லுதா, நீ சொல்லுதியா?"

"நாந்தான் சொல்லுதேன்."

"அப்பன்னா எந்திரிக்கேன். கையக் குடு."

வாத்தியார் கை கொடுத்தார். எழுந்து உட்கார்ந்தவரின் முதுகு மணலைத் தட்டிவிட்டார். அண்ணன் அங்கேயே உட்கார்ந்தபடி, தமக்கு இடப்பக்கம் மணலைக் கையால் தடவினார். "ஒனக்குத்தான் ஒங்க கல்லறைத் தோட்டத்துல எடம் இருக்குமே."

"இருக்கு. அங்கன ஒன்னை விடமாட்டாங்களே" என்றார் தம்பி.

நான் அறிக்கை எழுதினேன்: மண்ணுக்குரியவர் சம்மதிக்கிறார். மற்ற எதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை. இருவரும் ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். வண்டி உப்பளத்துக் கானலுக்குள் போனதும் சக்கரங்கள் மறைந்து, இரண்டு வெள்ளைத் தலைகள் மட்டும் தண்ணீரில் போவது போல் போயின. அதன்பின் செவ்வாயும் வியாழனும் எனக்குச் சாதாரணக் கிழமைகளாகிவிட்டன.

சுதந்திரம் வந்தது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். உத்தரவு அதுவரை வரவில்லை. வாத்தியார் என்னிடம் வந்து, அனுமதி இல்லாமல் அடக்கம் செய்தால் யார்மேல் நடவடிக்கை என்று கேட்டார். மண்ணுக்குரியவர்மேல், அபராதம் என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்க் குழி தோண்டச் சொன்னார். நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. யாராவது புகார் செய்தால்தான் எடுக்க முடியும். ஆட்சேபிக்கும் உரிமை உள்ள ஒரே ஆள் குழிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது அங்கே போனால் உங்களுக்கு எதையும் காட்ட முடியாது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. நிலக்கரித் தூசி எல்லா வெள்ளையையும் பழுப்பாக்கிவிட்டது. மரமும் இல்லை. மண் என்று சொல்லக்கூடியதும் தாருக்கு அடியில் எங்கோ. அந்த மூன்று பேரும் அதற்கும் அடியில். ஆமாம், மூன்று பேர். பின்னால் தம்பியையும் அவர் பிள்ளைகள் அங்கேதான் கொண்டுவந்தார்கள். ஒருவரையும் யாரும் கப்பலேற்றவில்லை.

வாத்தியார் உயிரோடிருந்தபோதே மேலிடத்திலிருந்து பதில் வந்தது. மனுதாரர் உயிரோடிருப்பதால் கோரிக்கையை இப்போது பரிசீலிக்க இயலாது. உரிய காலத்தில் மீண்டும் விண்ணப்பிக்கலாம். பெற்றுக்கொண்டதற்கு மனுதாரரின் கையொப்பம் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, 'மனுதாரர் என் வசம் இருக்கிறார். அவருக்காகப் பெற்றுக்கொண்டேன்' என்று அழகான பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதி, பெயரிட்டு, தேதி வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே தாமாகப் போட்டார்: 1949, கார்த்திகை மாதம், வியாழக்கிழமை.