இருபது நாட்டுக்கும் ஒரே காது

கையெழுத்து அக்கா போனில் அழுதே ஒரு நாட்டின் சம்மதத்தை வாங்கிவிட்டாள் என்று அந்தக் கட்டடம் முழுக்கப் பேச்சு. மூன்றாவது மாடியில் கிளம்பும்போது கண்ணில் இரண்டே சொட்டுதான். முதல் மாடிக்கு இறங்குவதற்குள் விம்மல் சேர்ந்துகொண்டது. டீக்கடைக்கு வந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். கேட் வாட்ச்மேன் ஒரு படி மேலே போய், அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்த ஆளும் சேர்ந்து அழுததாகச் சொன்னார். அவர் என்னமோ பக்கத்தில் நின்று கைக்குட்டை நீட்டிய மாதிரி.

நடந்த கதை வேறு. அது தெரிய வேண்டுமென்றால் அவள் பார்க்கும் வேலை என்னவென்று தெரிய வேண்டும்.

அது ரக்பி வீடியோ கேம் செய்கிற கம்பெனி. ஒரு நாட்டு அணியை விளையாட்டுக்குள் வைக்க அந்த நாட்டுச் சங்கம் சம்மதிக்க வேண்டும். சட்டையின் நிறம், மார்பில் இருக்கும் சின்னம், ஆட்டக்காரர்களின் பெயர், முகம், எல்லாவற்றையும் பார்த்துச் சரி என்று சங்கத்துச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் வெள்ளைச் சட்டையும் பொய்ப் பெயரும்தான். போன வருஷம் அப்படி வராமல் போன ஓர் அணியைக் கேண்டீன்காரர், லிஃப்ட் ரிப்பேர்காரர், மேனேஜரின் மாமனார் என்று கையில் கிடைத்த பெயரையெல்லாம் போட்டு ஒப்பேற்றினார்கள். மாமனார் முதல் ஆட்டத்திலேயே காலை உடைத்துக்கொண்டார். வீட்டில் மேனேஜருக்கு இரண்டு நாள் சாப்பாடு இல்லை என்று கேள்வி.

அந்தக் கையெழுத்துகளைத் துரத்திப் பிடிப்பதுதான் ஆறு வருஷமாக அக்காவின் வேலை. ஒருவர் ஊரில் இல்லை என்பார், ஒருவர் தலைவரைக் கேட்க வேண்டும் என்பார், தலைவர் செயலாளரைக் கேள் என்பார். போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் வாய் தானாக "சரிங்க, காத்திருக்கேங்க" என்று சொல்லும். ஒருநாள் குக்கரைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டாள்.

"என்கிட்ட ஒருநாளாவது இவ்வளவு பொறுமையாப் பேசியிருக்கியா?" என்றார் கணவர்.

"நீங்களும் ஒரு சங்கம் ஆரம்பிங்க, பேசறேன்."

பத்து நாள் லீவு கேட்டு மூன்று தடவை எழுதிக்கொடுத்தாள். எங்கேயும் போக அல்ல. வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்க. மூன்று தடவையும் மேனேஜர் மேசை இழுப்பறை அதை விழுங்கியது. நாலாவது தடவை அவர் வாக்குக் கொடுத்தார்: "வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள இருபது நாட்டுக் கையெழுத்தும் வந்துட்டா லீவு உனக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் கிடையாது."

பத்தொன்பது வந்துவிட்டது. இருபதாவது ஒரு பொடி நாடு. அதன் சங்க ஆபீஸ் டயர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. செயலாளர், கணக்கர், பந்துக்குக் காற்றடிப்பவர் எல்லாம் ஒரே மனிதர். அவர் புதன்கிழமை போன் செய்தார்.

"அம்மா, சட்டை சரி. சின்னம் சரி. முகமும் பரவால்ல. காது எங்கம்மா?"

"ரெண்டு பக்கமும் இருக்கேங்க."

"இருக்கு. ஆனா அது எங்க பசங்க காது இல்ல. ஸ்க்ரம்முனா எட்டுப் பேர் குனிஞ்சு எதிரி எட்டுப் பேரோட தலையைக் கோத்து முட்டித் தள்ளணும். வருஷக்கணக்கா உரசி உரசிக் காது பிசைஞ்ச மாவு மாதிரி ஆயிடும். எங்க மூணாம் நம்பர்காரன் பஸ் ஓட்டறவன். அவன் காதைப் பாத்துதான் ஜனங்க பஸ் ஏறுவாங்க. நீங்க அவனுக்குக் கல்யாண மாப்பிள்ளை காது வச்சிருக்கீங்க. அந்தக் காதை வாங்க அவன் பதினாலு வருஷம் பாடுபட்டிருக்கான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அக்கா மாடியேறி, முகங்களைச் செய்கிறவரிடம் போனாள். ஆபீசில் அவருக்குச் சிற்பி என்று பெயர். நல்ல மனிதர், கர்வம் கொஞ்சம் கூட. விசாரித்ததில் ஒரு விஷயம் வெளியே வந்தது. இருபது நாடு, நானூற்றறுபது முகம், எல்லோருக்கும் ஒரே காது. அதுவும் சிற்பியின் மச்சான் காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவரை உட்கார வைத்துப் படம் எடுத்து, அதையே எல்லோருக்கும் ஒட்டிவிட்டார். பத்தொன்பது நாட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

"காதை யாருக்கா பாக்கப் போறாங்க?"

"பாத்துட்டாரே ஒருத்தர்."

"அழகான காதுக்கா அது. அதை நசுக்கச் சொல்றீங்களே. என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"எட்டுப் பேருக்கு மட்டும் நசுக்குங்க. மச்சான் மத்த எல்லார் தலையிலயும் நல்லா இருக்கட்டும்."

அவர் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். அக்கா சண்டை போடவில்லை. அதற்குத் தெம்பில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். வியாழக்கிழமையும் வந்து அங்கேயே உட்கார்ந்தாள். ஒரு பெண்பிள்ளை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தால் எந்த ஆம்பிளைக்குத்தான் வேலை ஓடும்? சாயங்காலத்துக்குள் எட்டுப் பேரின் பதினாறு காதும் நசுங்கின. கடைசியில் சிற்பிக்கே ருசி பிடித்துவிட்டது. ஒன்பதாவது ஆளை நசுக்கப் போனவரை அவள்தான் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் படங்கள் போயின. பன்னிரண்டரைக்குச் செயலாளர் கூப்பிட்டார்.

"ஆளுங்களையே வரச் சொல்லியிருக்கேன்மா. ஒவ்வொருத்தனா வந்து அவனவன் காதைப் பாத்துச் சொல்லட்டும். நீங்க லைன்லயே இருங்க. வச்சுட்டா எங்க ஊர்ல மறுபடி கிடைக்காது."

"சரிங்க, காத்திருக்கேங்க."

அந்தப் பக்கம் போன் மேசையில் கிடந்தது. படியேறும் பூட்ஸ் சத்தம் கேட்டது, யாரோ சிரித்தார்கள், கீழே டயரைச் சுத்தியலால் அடித்தார்கள். பஸ் ஓட்டுகிறவர் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டுத்தான் வருவாராம். அக்காவுக்கு மூன்று நாளாக ஜலதோஷம் வேறு. மூக்கை உறிஞ்சினாள். ரிசீவர் காதில் இருந்தபடியே தலை மேசைமேல் சாய்ந்தது.

ஒன்றரைக்கு ஆபீஸ் உதவியாள் டீ எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் பார்த்தது இதுதான்: போனும் கையுமாகக் கவிழ்ந்த தலை, ஏறி இறங்கும் தோள், மூக்கிலிருந்து ஒரு மாதிரிச் சத்தம், கன்னத்துக்குக் கீழே மேசையில் ஈரம். டீயை வெளியிலேயே வைத்துவிட்டு, மனசு கேட்காமல் நேரே லிஃப்ட்டுக்கு ஓடினார். பேச்சு மாடி மாடியாய் இறங்கியது அந்த லிஃப்ட்டில்தான்.

இரண்டு நாற்பதுக்குக் கம்ப்யூட்டர் மணியடித்தது. அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கன்னத்தில் ரிசீவரின் தடம் பதிந்திருந்தது. கையெழுத்துப் போட்ட தாள் வந்திருந்தது. கீழே ஒரு வரி: "காது அசல். மூன்றாம் நம்பர்காரன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டான். உங்கள் லைனில் ஏதோ கொரகொரப்பு, அதனால் வைத்துவிட்டேன்."

மூன்று மணிக்கு மேனேஜர் எல்லோரையும் கூட்டினார். முகம் பூரித்திருந்தது.

"இதுதான்யா ஈடுபாடுங்கறது. ஒரு நாட்டுக்காகக் கண்ணீர் விட்டிருக்கா. எத்தனை பேருக்கு வரும்? அதனால ஒரு யோசனை. அடுத்து பெண்கள் ஆட்டம் வருது, பன்னண்டு நாடு. லீவை அப்புறம் பாத்துக்கலாம். திங்கட்கிழமை ஒவ்வொருத்தருக்கா போனைப் போட்டு, இதே மாதிரி நீ கொஞ்சம் அழுதுட்டா…"

உதவியாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிலர் கைதட்டினார்கள். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நான் அழவே இல்லை சார். தூங்கிட்டேன். மேசையில இருந்தது எச்சில். அவர் கையெழுத்துப் போட்டது காதுக்கு. இங்க ரெண்டு மணி நேரம்தான் தூங்கினேன், மீதித் தூக்கம் பத்து நாளைக்கு இருக்கு. வரேன்."