நான் தூணில் கட்டிய மனிதன்

எனக்கு மூன்று விலா எலும்பு முறிந்ததும் முன்பற்கள் போனதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நோயாளிகளுக்கு ஊழியம் செய்யப் போன இடத்தில் முரடர்கள் அடித்துவிட்டார்கள் என்று சொல்லி எனக்காக உபவாசமிருந்து ஜெபித்தீர்கள். அந்தக் கதையில் பாதியை நான் விழுங்கிவிட்டேன். கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பாதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களை வெளியே தள்ளிய வருஷம் அது. வேலை போனவர்கள் சுங்கை பினாங் ஆற்றோரம் மாட்டுவண்டிக்காரர்களின் வரிசை வீட்டு லயத்தில் வந்து அடைந்தார்கள். குளிர்காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சபை டாக்டர் ஐயாவும் வாலிபர்களும் கொயினா மாத்திரையோடு அங்கே போவார்கள். பினாங் ரோட்டில் படம் பிடிப்பது என் பிழைப்பு. நோயாளிகளின் படங்களை வெளியூர்ச் சபைகளுக்கு அனுப்பினால் மருந்து வரும் என்று நானும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்கோபம் அதிகம். அதையும் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

அன்றைக்கு என்னிடம் மிஞ்சியிருந்தது படம் பதிகிற ஒரே ஒரு கண்ணாடித் தகடு. முனியாண்டி என்ற வாலிபனை வாசல் தூணில் சாய்த்து உட்காரவைத்தேன். குளிரில் அவன் உடம்பு உதறியது. ஆடினால் படம் கலங்கிப்போகும்.

"ஆடாதடா!" என்றேன்.

"முடியலீங்கய்யா. படுத்துக்கிறேன்."

பளாரென்று கன்னத்தில் அறைந்தேன். நோயாளியை, சகோதர சகோதரிகளே! அதோடு விடவில்லை. புண்ணுக்குக் கட்டுவதற்கு வைத்திருந்த நீளத் துணியை எடுத்து, அவன் நெஞ்சையும் கைகளையும் தூணோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அவன் என்னைப் பார்த்தான்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். முனியாண்டி தலைகீழாகத் தெரிந்தான். அவனுக்குப் பின்னால் ஆற்றுப் பாதையிலிருந்து ஒருவன் தலைகீழாக ஓடிவந்தான். கையில் பாராங் கத்தி. கண்ணாடிக்குள் அவன் பெரிதாகிக்கொண்டே வந்தான். "இயேசப்பா, காப்பாத்துங்க!" அவ்வளவுதான் வாயில் வந்தது.

அது முனியாண்டியின் அண்ணன் கருப்பையா. வண்டிமாடுகளுக்குப் புல் வெட்டிவிட்டுத் திரும்பியவர், தம்பியை எவனோ கட்டிவைத்து வதைக்கிறான் என்று நினைத்துவிட்டார். நினைத்ததில் தப்பும் இல்லை. "என் தம்பியக் கட்டிப்போட்டியாடா?" என்று கத்தியை ஓங்கிக்கொண்டு தூணைத் தாண்டினார். அந்த நொடியில் முனியாண்டி காலை நீட்டினான். நான் கட்டாமல் விட்டது கால் மட்டும்தான். அண்ணன் இடறி, தம்பியின் மேலேயே சரிந்தார். கத்தி முனியாண்டியின் தொடையில் இறங்கியது.

ரத்தம் பீய்ச்சி அடித்தது. முந்தின மாதம் வண்டிச் சக்கரத்தில் கால் நசுங்கிய ஒருவருக்கு டாக்டர் ஐயா தொடை இடுக்கில் அழுத்தி ரத்தத்தை நிறுத்தியதை நான் படம் பிடித்திருந்தேன். ஓடிப்போய் அதே இடத்தில் இரண்டு கையாலும் அழுத்தினேன். ரத்தம் அடங்கியது. முனியாண்டிக்கு நினைவு தப்பியது. லயத்துச் சனம் திரண்டு வந்தது. அவர்கள் கண்ணுக்கு நான் கட்டிப்போட்டவனைக் கொன்றுகொண்டிருந்தேன்.

"கைய எடுடா!" கருப்பையா விறகுக் கட்டையால் என் முதுகில் போட்டார். எடுத்தால் அவன் செத்துப்போவான். சொல்ல வாயைத் திறந்தேன், வாயிலேயே அடி. பல் மண்ணில் விழுந்தது. விலா முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. இந்தத் தடவை என்னைக் காப்பாற்றும்படி நான் கேட்கவில்லை. "ஆண்டவரே, அடி விழட்டும். இந்தக் கை மட்டும் எழும்பக்கூடாது. இவன் சாகக்கூடாது." இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கை எழும்பவில்லை. அது என் பலம் இல்லை. ஊசி குத்தினாலே அலறுகிறவன் நான்.

லயத்தின் அடுத்த கோடியிலிருந்து டாக்டர் ஐயா ஓடிவந்தார். "அடிக்காதய்யா! அவர் கைய எடுத்தா உன் தம்பி போயிருவான்!" கட்டை கீழே விழுந்தது. டாக்டர் ஐயா தூணிலிருந்த துணியை அவிழ்த்து, அதையே தொடையில் இறுக்கினார். பிறகு நானும் மயங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பத்து நாள் அவன் இழுத்துக்கொண்டு கிடந்தான். பத்து நாளும் நான் படுத்தபடியே மன்றாடினேன். பதினோராம் நாள் கஞ்சி கேட்டான். போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அன்று கருப்பையா அண்ணன் என் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நான் அறைந்தது அவருக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டிருந்தவன நான் அறைஞ்சேண்ணே" என்றேன்.

அவர் முகம் மாறியது. கையை ஓங்கினார். முனியாண்டி படுத்தபடியே சொன்னான்: "விடுண்ணே. இவரு மேல கோவம் இருந்தா அன்னிக்கு நான் கால நீட்டியிருப்பனா?"

என் முன்கோபம் அன்றோடு செத்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இன்னும் வருகிறது. வந்தால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய் நிற்கிறேன். முழங்காலில் நிற்பதும் உண்டு. இப்போதெல்லாம் கேட்காமல் யாரையும் படம் பிடிப்பதில்லை.

பிரியமானவர்களே, இக்கட்டில் இருப்பவர்கள் உங்களிலும் இருப்பார்கள். தகுதி பார்த்துக்கொண்டு தயங்காதீர்கள். கேட்கத் தகுதியே இல்லாத நேரத்தில் நான் கேட்டேன்; அவர் கொடுத்தார்.

இன்றைக்கும் அந்த லயத்துக்குப் போகிறோம். மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொள்ள வாசலில் மாட்டுவண்டி நிற்கிறது. வண்டி கருப்பையா அண்ணனுடையது. அவரும் முனியாண்டியும் வெயிலில் காத்திருக்கிறார்கள். வாருங்கள்.