உன் புள்ளதானா?

அந்த வருஷம் விருத்தாசலத்தைச் சுற்றிப் பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுவதாக ஒரே பேச்சு. கம்மாபுரம் பக்கம் ஒரு குழந்தையைச் சாக்கில் போட்டுத் தூக்கப் பார்த்தார்களாம். பார்த்தவர் யார் என்று கேட்டால் ஆள் இல்லை. ஆனாலும் எல்லோரும் எல்லோரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நானும்தான். போர்வை விற்க எங்கள் தெருவுக்கு வந்தவனை எந்த ஊர், எந்த ஊர் என்று குடைந்து விரட்டிவிட்டது நான்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஆறு வயது, பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று உள்ளூர் டாக்டர் சொல்லியிருந்தார். நானும் மனைவியும் செராமிக் கம்பெனிகளில் வேலை பார்த்தோம். நான் ஒரு கம்பெனியில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவன். அவள் வேறொரு கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசினாள்.

திட்டக்குடியில் என் மச்சான் வீட்டில் காதுகுத்து. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மகளை நான் மட்டும் கூட்டிப் போனேன். போகும்போது தூங்கிவிட்டாள். திரும்பும்போதுதான் வினை. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைந்ததும் பின்னால் வந்த இன்னொரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினாள். இறக்கிவிட்டேன், தரையில் விழுந்து புரண்டாள். தூக்கினேன், என் கையைக் கடித்தாள். எப்படியாவது வெளியே கொண்டு போய்விடலாம் என்று தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன். ஒரு செருப்பு எங்கோ கழன்று விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

பூ விற்கிற பெண்மணி ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள்.

"யோவ், யாரு புள்ள இது?"

"என் புள்ளதாங்க."

"உன் புள்ளதானா? அப்ப ஏன் இப்பிடிக் கத்துது?"

அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். மகள் அவள் அம்மாவைப் போலச் சிவப்பு. நான் சூளைச் சூட்டில் கருத்தவன். "நெறத்தப் பாருய்யா" என்று ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். பூக்காரப் பெண்மணி குனிந்து, "பாப்பா, இது யாரு? ஒங்கப்பாவா?" என்று கேட்டாள். மகள் அவளைப் பார்க்கவே இல்லை. கைலி கட்டிய ஒருவர் என் சட்டையைப் பிடித்தார்.

"பேரச் சொல்லிக் கூப்புடு. திரும்புதான்னு பாப்பம்."

கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. ஒருநாளும் திரும்பியவள் இல்லை. இன்னும் இரண்டு முறை, சத்தமாகக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பொய் சொல்கிறவன் குரல் மாதிரிக் கேட்டது. அதற்குப் பிறகு யார் அடித்தார்கள் என்று தெரியாது. கன்னத்தில் ஒன்று, பிடரியில் ஒன்று விழுந்தது. மகளை என் தோளிலிருந்து பிரித்து வாங்கினார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். போன கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்த பெண் காவலர் என்னைப் பார்த்தார். "ஒங்ககிட்ட இருந்து பிரிச்சதும் அழுவ நின்னுடுச்சே, எப்பிடி?" என்றார். அந்த அறையில் சத்தம் இல்லை, அதனால்தான் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அது அன்றைக்கு எனக்கே தெரியாது.

என் மனைவியின் கம்பெனிக்குப் போன் செய்தார்கள். அவள் விரல்களில் வர்ணம்கூடக் காயாமல் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மகள் ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் போய் அவள் விரலைப் பிடித்து முகர்ந்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டாள். பெண் காவலருக்கு அது போதுமானதாக இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"நீங்க ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு, மனைவியையும் மகளையும் மட்டும் உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

இதுவரை சொல்லாமல் வந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அதற்கு நான்கு நாள் முன்னால் மகளை அடித்திருந்தேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள் என்று விசிறிக் காம்பால் தொடையில் இரண்டு போட்டேன். தடம் இன்னும் இருந்தது. அது முதல் முறையும் இல்லை. பிடிவாதம், அடித்தால் போய்விடும் என்று நம்பினேன்.

மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே மனைவி என்ன சொல்கிறாள்? பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் சந்தேகப்பட்டபோது வராத பயம் அப்போது வந்தது. பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடிச்சா பேசிடுமா சார்?" என்றார் காவலர். "பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயி பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க. அங்க குடுக்கற சீட்ட எங்கிட்ட கொண்டாந்து காட்டணும். வரலன்னா நான் ஒங்க வூட்டுக்கு வருவேன்."

அந்த வாரமே போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா மகளை விளையாடவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு எங்களிடம் கேட்டார். "சத்தம் கேட்டா காதப் பொத்திக்குவாளா? பேரு சொன்னா திரும்ப மாட்டாளா? சுத்துறதையே பாத்துக்கிட்டு இருப்பாளா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் நடப்பதை இவரிடம் யார் சொன்னது? காவலர் போன் செய்திருப்பாரா? இல்லை, எனக்குத் தெரியாமல் மனைவி ஏற்கெனவே வந்து போயிருக்கிறாளா? அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னை அதே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. "யாரும் எதுவும் சொல்லலங்க. இந்த மாதிரி நெறைய புள்ளைங்க வர்றாங்க" என்று சிரித்தார். ஆட்டிசம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். அது பிடிவாதம் இல்லை என்றார். நமக்குச் சாதாரணமாகக் கேட்கிற சத்தம் அவளுக்கு வலி மாதிரி இருக்கலாம். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பயம் குறையும். வாயால் சொல்வதைவிடப் படமாகக் காட்டினால் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். நான் தலையாட்டினேனே தவிர, அன்றைக்கு அதில் பாதியை நம்பவில்லை.

நம்பியது மனைவிதான். கம்பெனியில் கழித்துப் போட்ட சின்னச் சின்னப் பீங்கான் வில்லைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். அவற்றில் பஸ், தட்டு, பாய், குளிக்கிற வாளி என்று வரைந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் தட்டுப் படத்தை மகளின் கையில் கொடுப்பாள். முதல் இரண்டு மாதம் மகள் அவற்றைத் தூக்கி எறிந்தாள். சில உடைந்தன, மனைவி மறுபடியும் வரைந்தாள். ஒருநாள் சாயங்காலம் மகள் தானாக வந்து தட்டுப் படத்தை என் மடியில் வைத்தாள். பசிக்கிறது என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எழுந்து போய்ச் சோறு போட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குள் போவதை விட்டுவிட்டோம். அதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, அவள் காதில் துணியைக் கட்டி நடத்திக் கூட்டி வருவேன். நான் மறுபடியும் அவளை அடிக்கவில்லை. கை ஓங்கிய நாள் உண்டு. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு வெளியே போய் நின்றிருக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்துத்தான் மனைவியிடம் கேட்டேன். "அன்னிக்கி ஸ்டேஷன்ல உள்ள என்ன சொன்ன?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இவரு அடிப்பாரான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்."

"என்னப் புடிச்சு உள்ள போட்டிருந்தா?"

"அதயும் நெனச்சேங்க. அவளால சொல்ல முடியாதில்ல, நான்தான சொல்லணும்?"

அதற்குப் பிறகு ஒருமுறை மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை வந்தபோது, மகளும் நானும் மட்டும் நாள் முழுக்க வீட்டில் இருந்தோம். சாயங்காலம் வந்ததும் மனைவி அவளைக் குளிப்பாட்ட அழைத்துப் போனாள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அவள் கைகளையும் தொடைகளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது கதவிடுக்கில் எனக்குத் தெரிந்தது. பார்க்கட்டும் என்று நகர்ந்து வந்துவிட்டேன்.