ஓலீட்டா கூப்பிட்ட ஜூபிலி

மொபைல் என்ற விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஓலீட்டாவைத் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். ஆனால் பேர் வாங்கியது பஸ்ஸால் அல்ல, வராத ஜூபிலியால். கோடையில் சில விடியற்காலைகளில் அடித்தண்ணீரில் மூச்சுவிட வழியில்லாமல் நண்டும் இறாலும் மீனும் கரைக்கு ஓடிவருமே, அதுதான் ஜூபிலி. முதலில் பார்த்தவர் ஊரை எழுப்பியாக வேண்டும். ஓலீட்டா மூன்று கோடையில் மூன்று முறை எழுப்பினாள். ஊரே இரவு உடுப்போடு தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அண்ணன் ஹோலிஸ் விடுவானா? "ஏம்மா, மீன்தான் வரல, மழையாவது வருமா?" என்று சர்ச் வாசலிலேயே கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்; வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள். இன்னொரு தரம் தப்பினால் அவள் குரலுக்கு ஒரு கதவும் திறக்காது. அது அவளுக்கே தெரியும்.

ஆகஸ்டில் ஒரு நாள் முழுக்க மூட்டம். மறுநாள் விடியும் முன்பே கரைக்குப் போனாள். மெல்லிய கிழக்குக் காற்று, ஏறுகிற தண்ணீர், அலையே இல்லை; ஜூபிலிக்கு வேண்டிய அடையாளமெல்லாம் இருந்தது. டார்ச் அடித்தால் ஓரத்தில் நாலைந்து விலாங்குகள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன. போன வருஷமும் விலாங்கு வந்தது. பின்னால் ஒன்றும் வரவில்லை. நிச்சயமாகட்டும் என்று காத்திருந்தாலோ, வெயில் ஏறியதும் எல்லாம் ஆழத்துக்குப் போய்விடும். முதலில் அண்ணனுக்கே போன் போட்டாள்.

"அண்ணே, ஜூபிலி!"

கேட்டதும் டக்கென்று போனை வைத்துவிட்டான்.

"தூங்கு, நல்லா தூங்கு!" என்று போனைத் திட்டிவிட்டு அடுத்த எண்ணைத் தேடும்போது காலடியில் ஏதோ வழுக்கியது. நாக்கு மீன்! அதன்மேல் இன்னொன்று! படகுத்துறைத் தூண்களில் நண்டுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஏறின. ஓலீட்டாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஜூபிலி! எல்லாரும் வாங்க! ஜூபிலி!"

கத்தி முடிக்கவில்லை, ஈட்டியும் தொட்டியுமாக ஹோலிஸ் அவளைத் தாண்டி ஓடித் தண்ணீரில் இறங்கினான். பின்னாலேயே மூச்சு வாங்க அவன் மனைவி ஃபெர்ன்.

"அண்ணி, இப்பத்தானே போன் பண்ணேன்! அதுக்குள்ள எப்படி?"

"உங்கண்ணனா? கிழக்குக் காத்து அடிச்சாப் போதும், நீ கூப்பிடுவேன்னு பூட்ஸைக் கழட்டாமத்தான் படுக்குறாரு. மூணு வருஷமா என் மெத்தை பூரா மணல்!"