நேர்ச்சைக்கு வெளியே ஒரு துண்டு மீன்

திண்டுக்கல்லில் மீனுக்கு மருந்து போடுகிறார்களாம் என்று எனக்குச் சொன்னது ஷைனி. அவளுக்குச் சொன்னவர் நாகல் நகர் ஆட்டோக்காரர் ஒருவர். அவருக்கு அவருடைய மச்சான் சொல்லியிருக்கிறார். அந்த மச்சானும் கண்ணால் பார்த்தவர் இல்லை. மார்க்கெட்டில் யாரோ பேசிக்கொண்டு போனதைக் கேட்டவர்.

"பொணம் கெடாம இருக்கப் போடுவாங்கள்ல அத்த, அந்த மருந்தாம். ஐஸ் பெட்டிக்குள்ளயே தெளிச்சு விட்டுர்றாங்களாம். ஈ கூட உக்கார மாட்டேங்குதாம்."

ஷைனி என் அண்ணன் மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வீட்டுக்குப் போன இடத்தில் இதைக் கேட்டிருக்கிறாள். நான் மஸ்கட்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் எந்தச் செய்தியையும் இரண்டு முறை கேட்டால்தான் எனக்கு மனதில் நிற்கும்.

"ஒங்கம்மாட்ட சொல்லிட்டியா?"

"மொதல்ல அம்மாட்டதான் சொன்னேன். ஒரு மாதிரி ஆயிட்டாங்க. தவக்காலத்துல நம்ம வீட்டுலதான் கவிச்சியே இல்லயே, பெறகு ஏம்மா மொகம் மாறுதுன்னு கேட்டேன். அடுப்படிக்குள்ள போயிட்டாங்க."

ஏன் முகம் மாறியது என்று எனக்குத் தெரியும். ஷைனிக்குத் தெரியாது.

ஷைனியின் அம்மா, என் மதினி, பெயர் ரோஸ்மேரி. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றது ஒரு பெண்தான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரையும் "எம்புள்ளைக" என்றுதான் சொல்வார். முட்டையை வேகவைக்கும் முன் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிதந்தால் குப்பைக்குப் போகும். குறைகிறதே என்று மேலே இருந்து யார் கேட்டாலும், "வந்து நீங்க தின்னு காட்டுங்க, பெறகு எம்புள்ளைகளுக்குக் குடுக்குறேன்" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அண்ணன் மிக்கேல்ராஜுக்கு நாகல் நகரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுப்பட்டு விவசாயிகள் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நேராக மீன் மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். வாங்கி வந்த மீனை மதினி விரலால் அழுத்திப் பார்ப்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்.

"வெளுத்துக் கெடக்கு. மீன்காரன் ஒங்களத் தூரத்துல பாத்ததுமே சிரிச்சிருவான் போல."

"அவன் சிரிச்சாப் பரவால்ல ரோசு. நீ சிரிச்சாத்தான் பயமா இருக்கு."

திட்டிக்கொண்டேதான் குழம்பு வைப்பார். அண்ணன் தட்டை வழித்துவிட்டு, செத்த நேரம் விரலை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கும் ஒரு திட்டு விழும்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு எல்லாம் நின்றது. மீன், முட்டை, கறி எதுவும் கூடாது, பருப்பைக் கூடக் கரண்டிக் கணக்கில்தான் ஊற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மதினி அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். கோயிலிலிருந்து வரும்போது மீன் மார்க்கெட் தெருவைத் தவிர்த்து, அண்ணனைச் சுற்றுவழியில் கூட்டிவருவார். வருஷக்கணக்கில் அப்படித்தான் நடந்தார்கள்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. கழுத்தில் குழாய் வைத்தார்கள். அப்போதுதான் டாக்டர் பேச்சை மாற்றினார்.

"இதுவரைக்கும் புரதத்தக் குறைங்கன்னு சொன்னேன். இனிமே அப்படி இல்லம்மா. மிஷின் ரத்தத்தக் கழுவுறப்போ சத்தும் சேர்ந்து போயிரும். இப்பவே ரத்தத்துல ஆல்புமின்ங்கற சத்து கம்மியா இருக்கு. அது ஏறலன்னா கிருமி தொத்துனாத் தாங்க மாட்டாரு. மீன் குடுங்க, முட்டை வெள்ளைக்கரு குடுங்க. கருவாடு மட்டும் வேணாம், உப்பு. ஹோட்டல்லயும் வாங்காதீங்க."

டாக்டர் ஒரு வாரம் முந்திச் சொல்லியிருக்கலாம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பலோடு மதினி மாதா சொரூபத்துக்கு முன் நின்று நேர்ந்துவிட்டார். ஈஸ்டர் வருகிற வரை என் கையால் கவிச்சி தொடமாட்டேன், அவரை எழுப்பிக் கொடு என்று.

நான் போனில் மல்லுக்கட்டினேன்.

"மதினி, நோயாளிக்கு ஒருசந்தி நோன்பு கெடையாது. சாமியாரே சொல்லுவாரு."

"கேட்டேன், சொல்லிட்டாரு. நானும் சொல்லிட்டேன், ஒருசந்தி அவருக்கு இல்ல சாமி, எனக்குன்னு. மாதாட்ட குடுத்த சொல்ல நான் மாத்துனா, அவ அவரக் கூட்டிட்டுப் போயிட்டா நான் என்ன செய்வேன் தாயி?"

போனை வைத்துவிட்டு, படித்ததையெல்லாம் புரட்டினேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் மீனைப் போல நல்ல புரதம் இல்லை, எளிதில் செரிக்கும், இதயத்துக்கு நல்லது என்றது. அடுத்த பக்கம் பெரிய மீனில் பாதரசம் என்றது. அதற்கடுத்த பக்கம் சிறுநீரக நோயாளிக்கு முள்ளோடு தின்னும் சின்ன மீன் ஆகாது என்றது. தமிழில் வந்த வாட்சப் செய்திகளோ மீனையே ஆகாது என்றன. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், டாக்டர் சொன்னதுதான் நின்றது. தசை மட்டும், ஒரு துண்டு, உப்பு குறைவாக.

வழி கண்டுபிடித்தது மதினியேதான்.

அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் பேகம்பூர் முகமது பாரூக். அவருக்கு அவர் மனைவி நஸீரா மீன் ஆணம், அதாவது குழம்பு, கொண்டுவருவார். இந்த வருஷம் தவக்காலமும் ரம்ஜானும் ஒட்டி வந்தன. நஸீரா நோன்பு வாயோடு, உப்புப் பார்க்காமலே சமைத்து எடுத்து வருவாராம். "உப்பு பாக்க வேண்டியதே இல்ல, ஒங்களுக்குத்தான் உப்பே கெடையாதே" என்று புருஷனைச் சீண்டுவாராம்.

மதினி ஒருநாள் நஸீராவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"அவருக்கும் ஒரு துண்டு குடுங்கம்மா. மிஷினை விட்டு எறங்குனதும் நான் டீ குடிக்கப் போறாப்புல வெளிய போயிர்றேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா, நானே எங்கையால குடுத்தாப்புல ஆயிரும்."

இதை என்னிடம் சொல்லும்போது மதினியின் குரலில் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு இருந்தது. "மாதாட்ட சொன்னது எங்கைய மட்டுந்தான. நஸீரா கையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலயே!"

அதிலிருந்து டயாலிசிஸ் நாளென்றால் மதினி டீக்கடைப் பக்கம் போய் நிற்பார். டீ குடிப்பதில்லை, ஒருசந்தி. சும்மா நின்றுவிட்டு, சாப்பிட்டு முடிக்கிற அளவுக்கு நேரம் போனபின் திரும்புவார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மீன் வாசனை வருகிறதா என்று மோந்து பார்க்கக் கூடாது என்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன் என்றார் மதினி. ஆனாலும் வாசனை வந்துவிடுமாம். அன்றைக்கு முழுக்க நிம்மதியாக இருக்குமாம்.

அந்த நேரத்தில்தான் ஷைனி அந்த வதந்தியைக் கொண்டுவந்தாள்.

மதினி உடனே எனக்குப் போன் போட்டார். "நிறுத்திரச் சொல்லட்டுமா தாயி?"

"நஸீராக்கா எங்க வாங்குறாங்கன்னு கேளுங்களேன்."

"நோன்பு வாயோட ஆக்கிக் கொண்டாறாக. குடுக்குற கையப் பாத்து, எங்க வாங்குனீங்க, செவுளப் பாத்தீங்களான்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

வாளித் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்த்தவர், அழுத்திப் பார்க்க முடியாத ஒரு மீனுக்கு முன் திகைத்து நின்றார். அந்த மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றேன். ஆனால் சத்து இறங்குவது ரிப்போர்ட்டில் தெரிகிறது, அதனால் நிறுத்த வேண்டாம் என்றேன். மதினி, "சரி, நீ படிச்சவ சொல்லுற" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ரிப்போர்ட்டில் ஆல்புமின் இன்னும் இறங்கியிருந்தது. டாக்டர், "மீன் குடுக்குறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "திங்கிறாரு" என்றிருக்கிறார் மதினி. அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தாராம். டயாலிசிஸ் மையத்தில் நஸீராவிடம் வாங்கித் தின்பது மனைவிக்குத் தெரிந்துவிட்டதே என்று வெட்கப்படுகிறார் என்றுதான் மதினி அப்போது நினைத்தார்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று குளிர்காய்ச்சல் வந்தது. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி என்றார்கள். உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றுமில்லை என்றார்கள். ஈஸ்டர் வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். நான் வந்து சேர்ந்தபோது பெட்டி மூடியிருந்தது.

அடக்கம் முடிந்து நான் மஸ்கட் திரும்பிய பிறகுதான் மதினிக்கு அந்தக் கணக்கு வந்தது. அவர் ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்கு அளந்து போட்டவர். போட்டால் ஏறும், போடாவிட்டால் இறங்கும். அவருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

"தவக்காலம் முச்சூடும் மீன் தின்ன ஒடம்புல சத்து ஏறாம ஏன் எறங்குச்சு? சொல்லு பாப்போம். அப்ப அது மருந்து மீன்தான. பொணத்துக்குப் போடுறத உசுரோட இருக்கவருக்குக் குடுக்க வச்சிருக்கேன். மாதாவ ஏமாத்தப் பாத்தேன். அவ பாத்துக்கிட்டே இருந்திருக்கா."

"அப்படியெல்லாம் இல்ல மதினி. டாக்டரே சொன்னாரு, கிருமிதான்னு."

"கிருமி எல்லாருக்குந்தான் வருது. பாரூக் பாய்க்கும் வந்துச்சு, எந்திரிச்சு ஒக்காந்துட்டாரு. அவரும் அதே மீனத்தான தின்னாரு?" அந்த இடத்தில் அவரே குழம்பி நின்றார். பிறகு, "நஸீராட்ட நீயே கேளு தாயி. எங்க வாங்குனாகன்னு மட்டும் கேளு. எனக்குக் கேக்க வாய் வரல. கேட்டு வையி, சாயங்காலம் நான் போன் போடுறேன்" என்றார்.

மருந்து இல்லாத மீன் என்று நஸீரா ஒரு வார்த்தை சொன்னால் போதும், மதினி இன்றைக்காவது ஒரு வாய் சோறு தின்பார் என்று எண்ணித்தான் மத்தியானம் நஸீராவைக் கூப்பிட்டேன்.

"மார்க்கெட் மீனே இல்ல தங்கச்சி. எங்கண்ணன் அணையில மீன் பிடிக்கிறாரு. உசுரோட துள்ளிக்கிட்டு வீட்டுக்கு வரும். அதுக்கு எதுக்கு மருந்து?"

எனக்கு மூச்சு வந்தது. நன்றி சொல்லி வைக்கப்போனேன்.

"ஆனா தங்கச்சி," என்றார் நஸீரா. அழுதுகொண்டிருந்தார். "இம்புட்டு நாளா நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்கேன். ஒங்கண்ணன் அத திங்கவே இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஒருநாள் கூட. டப்பாவத் தொறப்பாரு, மோந்து பாப்பாரு, மூடிக் குடுத்துருவாரு. எங்க வீட்டுக்காரரு கூட, எங்க வீட்டு மீன்னாக் கசக்குதாண்ணேன்னு கேலி பண்ணுனாரு. இல்ல பாய், அவ எனக்காக நேர்ந்து பட்டினி கெடக்கா, நான் இங்க ஒளிஞ்சு தின்னா அந்த நேர்ச்ச பலிக்குமா, ஈஸ்டருக்கு அவ கையாலயே தின்னுக்கிறேன்னாரு. நீங்க குடுத்தீங்கன்னு அவகிட்ட சொல்லிராதீங்க, ஒங்களோட சண்டைக்கு வந்துருவான்னு சிரிப்பாரு."

"மதினிதான் குடுக்கச் சொன்னாங்கன்னு நீங்க..."

"சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கியிருந்தாக தங்கச்சி. அவுக ஒரு பக்கம் சொல்லாதன்றாக. அண்ணன் ஒரு பக்கம் சொல்லாதன்றாரு. நோன்பு வச்சிருக்கேன், குடுத்த வாக்க எப்படி மீறுவேன்? ரெண்டு பேருக்கும் நல்லதுதான செய்றோம்னு இருந்துட்டேன்."

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்த வாசனைதான் மதினிக்கு வந்த வாசனை. அன்றன்றைக்கு முழுக்க நிம்மதியாக வைத்திருந்த வாசனை.

அந்த மீனைத் தின்றிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. டாக்டரும் சொல்லமாட்டார். அதையும் தேடிப் படித்துவிட்டேன். ஆனால் மதினி அப்படிப் படிக்கமாட்டார். போட்டால் ஏறும், போடாவிட்டால் இறங்கும்.

மீனில் மருந்து இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் சத்து ஏறவில்லை என்று கேட்பார். அடுத்த கேள்வியே அதுதான். அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால், தெரிந்தே விஷம் கொடுத்தவராக அவர் மிச்ச நாளைக் கழிப்பார். சொன்னால், தன் நேர்ச்சைக்காக அண்ணன் பட்டினி கிடந்தார் என்று கழிப்பார். அணை மீன்தான் மதினி, அதுவரை மட்டும் சொல்லி வைத்துவிடலாமா என்று ஒத்திகை பார்த்தேன். என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்தது.

ஊரில் சாயங்காலம் ஆகியிருக்கும். கோயில் மணி அடித்து, மாதா சொரூபத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருப்பார்.

போன் அடிக்கிறது. 'ரோஸ்மேரி மதினி' என்று பெயர் வருகிறது. ஈஸ்டருக்கு வாட்சப்பில் முகப்புப் படமாக வைக்க வேண்டும் என்று ஷைனி எடுத்துக்கொடுத்த படம் கூடவே வருகிறது. அதில் அண்ணன் சிரிக்கிறார், மதினி அவரைப் பார்த்து ஏதோ திட்டிக்கொண்டிருக்கிறார்.

அடித்து நின்றது.

மறுபடி அடிக்கிறது.