ஒன்ஸ்மோர் கேட்ட வரி

கழுகுமலைக்குத் தீப்பெட்டி பண்டல் ஏற்றப் போனால் லோடு ஏற்றுகிற ஆட்கள் என் வேனைச் சுற்றிக்கொள்வார்கள். "அண்ணே, அந்த வரிய ஒருக்கச் சொல்லுங்க" என்பார்கள். எந்த வரி என்று நான் கேட்பதில்லை. தண்ணீர் லாரியைப் பற்றி எழுதியிருக்கிறேன். மழை ஏமாற்றிய மிளகாய்க் காட்டைப் பற்றி, தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற இடத்தில் கை வெந்துபோன பெண்களைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறேன். அதையெல்லாம் ஒரு நாயும் சீந்தியதில்லை. எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒரே வரி. சொல்வேன். சிரிப்பார்கள். தோளில் தட்டிவிட்டுப் பண்டலைத் தூக்கப் போவார்கள்.

நான் ராப் பாடுகிறவன், வயிற்றுப்பாட்டுக்கு லோடு வேன் ஓட்டுகிறேன். இந்த வரிசையில் சொன்னால் என் அம்மாவுக்குப் பிடிக்காது. முதலில் டிரைவர், அப்புறம்தான் மற்றக் கூத்தெல்லாம் என்பாள்.

எங்கள் குழு எட்டயபுரம் ரோட்டில் ஒரு காலிப் பருத்திக் குடோனில் கூடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தகரக் கூரை கொதிக்கும். அந்தக் கொதிப்பில் நின்று ஒருவரை ஒருவர் திட்டிப் பாடிப் பழகுவோம். எங்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் இருந்தார், எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். குழுவை ஆரம்பித்ததே அவர்தான். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். "ராப்புன்னா உள்ளதச் சொல்லணும்லே. சினிமாக்காரன் நெலாவப் பாடட்டும். நாம நம்ம தெரு சாக்கடையப் பாடுவோம்" என்பார். அந்தப் பேச்சுக்குத்தான் நான் மயங்கினேன். உள்ளதைச் சொல்ல ஓர் இடம் இந்த ஊரில் இருக்கிறது என்று நம்பினேன்.

உள்ளதைச் சொல்லும் அந்த இடத்தில் எதிராளியை விழுத்தாட்ட எல்லோரும் எடுக்கிற முதல் கல் ஒன்றுதான். பொட்ட. ஒம்போது. கறிக்குழம்புக்கு உப்பு மாதிரி அது இல்லாமல் ஒரு சுற்றும் முடியாது. யாரும் அதை யோசித்துச் சொல்வதில்லை, வாயில் அதுவே வந்து நிற்கும். நான் மட்டும் அந்தச் சொல்லைத் தொடாமல் எழுதுவேன். அதைத் தொட்டால் என் கைதான் சுடும். சுற்றுவழியிலேயே போய்ப் போய் எனக்குச் சொல் வளம் கூடியது. எழுத்தில் என்னை அடிக்க ஆளில்லை என்று அண்ணாச்சி பெருமையாகச் சொல்வார். காரணம் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரா?

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு 'முந்திக்கிறது' என்று பெயர். எதிராளி நம் குறையைச் சொல்லிக் கேவலப்படுத்துவதற்குள் நாமே முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிடவேண்டும். குண்டாக இருக்கிறவன் தன் தொந்தியைத் தானே பாடுவான். பரீட்சையில் கோட்டை விட்டவன் அதைத் தானே ஏலம் போடுவான். அப்புறம் எதிராளியின் வாயில் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. போகப்போக இதில் கூட்டிச் சொல்வதும் சேர்ந்துகொண்டது. ஒரு சொட்டுக் குடிக்காத அப்பாவைக் குடிகாரர் என்று பாடியவன் உண்டு, சைவக்காரன் தன் வீட்டில் எலிக்கறி என்று பாடியதும் உண்டு. எவ்வளவு கூட்டுகிறாயோ அவ்வளவு கைதட்டு. முந்திக்கிறதில் சொல்வதை யாரும் நிஜமாக எடுத்துக்கொள்வதில்லை. இதை நான் மறந்தேன்.

இனி அவனைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பாட்டுக்கெல்லாம் பீட் போடுகிறவன் அவன். விளாத்திகுளத்தில் அவன் அப்பா மைக் செட் கடை வைத்திருக்கிறார். பருத்தி அரைக்கிற மிஷின் சத்தத்தைப் போனில் பிடித்து வந்து லேப்டாப்பில் தாளமாக்குவான். நான் என் பைக்கில் போய் அவனை ஏற்றிக்கொண்டு வருவேன். ஒருநாள் நாகலாபுரம் பக்கம் மழையில் மாட்டிக்கொண்டோம். கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பி, வண்டி ஓர் அடி நகரவில்லை. இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கருவேலங்குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்தோம். கை கால் முகமெல்லாம் கறுப்பு. அவன் என் கன்னத்து மண்ணை வழித்துவிட்டான். வழித்த பிறகும் கையை எடுக்கவில்லை. "என்னலே" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றான். ஒன்றுமில்லாத அந்த விஷயத்தில்தான் அதன் பிறகு நான் வாழ்ந்தேன்.

வெளிநாட்டில் ஒரு பெரிய ராப் பாடகன் தான் ஆண்களை நேசிக்கிறவன் என்று சொல்லிவிட்டதாகவும், அவன் பாட்டு இன்னும் ஊரெல்லாம் ஓடுவதாகவும் போனில் பார்த்தேன். அதைப் பீட் போடுகிறவனிடம் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "அவனுக்கு அந்த ஊரு இருக்கு. நமக்கு எங்கப்பா இருக்காரு" என்றான். போனைத் திருப்பித் தரும்போது, "நீ என்னமும் சொல்லு. என்னைய மட்டும் இழுத்துராத" என்றான். சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அந்தச் சத்தியத்துக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. கோவில்பட்டியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. பல ஊர்க் குழுக்கள். கடைசிச் சுற்றுக்கு நான் வந்துவிட்டேன். எதிரே நின்றவன் வெளியூர்க்காரன், நல்ல குரல். எங்களைப் பற்றி யாரிடம் விசாரித்தானோ தெரியாது. வழக்கமான கல்லைத்தான் எடுத்தான், ஆனால் குறி பார்த்து எறிந்தான். பைக்கில் எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது பீட் போடுகிறவனா, பெண்டாட்டியா என்று கேட்டுப் பாடினான். மண்டபமே திரும்பியது. என் பக்கம் இல்லை. மேடை ஓரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அவன் பக்கம்.

அவன் முகத்தை நான் பார்த்தேன். மீனைக் கரையில் போட்டால் வாய் திறக்குமே, அப்படி இருந்தான். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் அவன் அப்பா நின்றுகொண்டிருந்தார். மைக் செட் அவருடையதுதான். இவர்கள் கண்ணை அவன் மேலிருந்து எடுக்கவேண்டும், வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எடுக்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. முந்திக்கொண்டேன்.

"ஒளிச்சு வச்சு என்ன செய்ய, நானே வந்து சொல்லுதேன். ஆம்பளையத்தான் எனக்குப் பிடிக்கும், அதோட ஒன்னைய வெல்லுதேன்."

சொல்லி முடித்ததும் கொஞ்சம் மௌனம். அதில் நான் எவ்வளவு லேசாக இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டேன், முடிந்தது, இனி அடிக்கட்டும், துப்பட்டும் என்று நின்றேன். அடிக்கவில்லை. மண்டபம் வெடித்துச் சிரித்தது. விசில் பறந்தது. நாற்காலி மேல் ஏறி ஒன்ஸ்மோர் என்று கத்தினார்கள். எதிராளியே என் கையைப் பிடித்துத் தூக்கினான். ஸ்பீக்கர் பக்கம் நின்ற பீட்காரனின் அப்பாவும் சிரித்துக்கொண்டு எனக்கு வால்யூம் கூட்டிவைத்தார்.

மறுநாள் டீக்கடையில் அண்ணாச்சி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "என்ன தில்லுலே ஒனக்கு. எவனும் இப்படி ஒரு பொய்யத் துணிஞ்சு சொல்லமாட்டான்."

"பொய் இல்ல அண்ணாச்சி."

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். பாபநாசம் பஸ் ஒன்று போயிற்று.

"இத வேற யார்ட்டயாவது சொன்னியா?"

"மேடையிலதான் சொன்னேனே."

"அது மேடைலே. அங்கன என்னமும் சொல்லலாம். கீழ எறங்குனா சொல்லக்கூடாது." இன்னும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குழுவுல சின்னப் பயலுக வாரானுக. அவிய வீட்டுல என்னைய நம்பித்தான் விடுதாக. புரியுதா?"

"உள்ளதச் சொல்லணும்னு சொன்னது நீங்கதான?"

"உள்ளதுன்னா இதுவா?" என்றார். டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். என்னைக் குழுவைவிட்டு அவர் நீக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அந்த வரி வீடியோவாகி ஊரெல்லாம் சுற்றியபோது அதைத் தன் கடை டிவியிலேயே ஓட்டினார். என் பக்கத்தில் மட்டும் அதன்பின் உட்கார்ந்ததில்லை. என் தண்ணீர் பாட்டிலை வாங்கினால் வாய் வைக்கமாட்டார், அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்.

வீடியோ அம்மாவுக்கும் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டக்கா காட்டியிருக்கிறாள். சோறு போடும்போது, "ஏம்லே, வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவியா" என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டுவிடுவாள், இப்போது கேட்டுவிடுவாள் என்று சோற்றைப் பிசைந்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றிருந்தேன். "ஆனா சிரிப்பு வரத்தாம்ல செய்யுது" என்று சொல்லி ரசம் ஊற்றினாள். காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

மண்டபமே கேட்க உரக்கச் சொல்லியும் அங்கே ஒருவர் காதிலும் ஏறவில்லையென்றால் மனிதன் என்னதான் செய்வான்? ஒளித்து வைத்திருந்த காலத்தில் என்றாவது சொல்லிவிடலாம் என்ற நினைப்பாவது துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. சொல்லவேண்டிய வாசகத்தையே நான் பகடியாகச் செலவழித்துவிட்டேன்.

மேடையில் சொன்னபோதே அதை நிஜம் என்று கேட்டவன் அவன் மட்டும்தான். சில வாரம் போனை எடுக்கவில்லை. பிறகு அவனே வேம்பார் ரோட்டில் ஒரு மிளகாய்க் காட்டு ஓரத்துக்கு வரச்சொன்னான். மிளகாய்ப் பழம் காயப்போட்டிருந்த களத்தின் நெடியில் இரண்டு பேரும் இருமிக்கொண்டே பேசினோம்.

"நல்லவேள, எல்லாரும் பொய்யின்னு நெனச்சுட்டாக" என்றான்.

"ஒனக்கு அதுல சந்தோசமா?"

"அது பொய்யா இருக்குத வரைக்கும் எனக்குப் பயமில்ல. நீ அத நிசம்னு சொன்னியன்னா, அடுத்து என்னையத்தான் பாப்பாக." என் கையைப் பிடித்துக்கொண்டான். "யாரு கேட்டாலும் சிரிச்சிக்கிட்டே சொல்லு. கடைசிவரைக்கும் பொய்யாவே வச்சிரு. எனக்காக." பிறகு, வீட்டில் பெண் பார்த்திருப்பதையும் சொன்னான். மாட்டேன்னு சொன்னா எங்கப்பா மனசு ஒடஞ்சிருவாரு என்றான். என் மனசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் அழுதுவிடுவான் என்று தெரியும்.

அதனால்தான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். பெட்ரோல் பங்கில் கேட்டால் பங்கில், செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கேட்டால் செக்போஸ்ட்டில். சொல்லும்போது கண்ணடித்து இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவேன். அது இருந்தால்தான் சிரிப்பார்கள். சிரித்தால்தான் அவனுக்கு ஆபத்தில்லை.

அவன் கல்யாண வரவேற்பு விளாத்திகுளத்தில் நடந்தது. குழுவைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் அப்பா தன்னிடம் இருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கி மண்டபத்து வாசல்வரை அடுக்கியிருந்தார். அவன் கோட்டு போட்டுப் பெண்ணோடு மேடையில் நின்றான். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளிடமும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. மிளகாய்க் காட்டைப் பற்றிய பாட்டைத்தான் எடுத்தேன். இரண்டு வரி போவதற்குள் பந்தியிலிருந்து குரல் வந்தது, அந்த வரி, அந்த வரி என்று. அவன் அப்பாவே கையால் சைகை காட்டினார், அதைப் போடு என்று.

அவனுக்குப் பதிலாக லேப்டாப்பில் உட்கார்ந்திருந்த பையனிடம் பீட்டை நிறுத்தச் சொன்னேன். இடுப்பை வெட்டவில்லை, கண்ணடிக்கவில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, அவனைப் பார்த்து, ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னேன். ஆம்பளையத்தான் எனக்குப் பிடிக்கும்.

மண்டபம் அமைதியானது. சோறு பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அவன் அப்பா முகத்தில் மெல்ல ஏதோ ஒன்று புரிந்துகொண்டு வருவதுபோல் இருந்தது. அவன் என்னையே பார்த்தான். ஒரு நிமிடம் இருக்குமோ என்னவோ, அந்த நேரம் முழுவதும் அவன் என்னுடையவனாக இருந்தான்.

பிறகு அவன் சிரித்தான். முதலில் அவன்தான் சிரித்தான். மாலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மண்டபமே கேட்கும்படி சிரித்தான். அவன் சிரித்ததும் அவன் அப்பா சிரித்தார், பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பந்தி முழுக்கச் சிரித்தது. ஒன்ஸ்மோர் என்று கத்தினார்கள். அவனும் ஒரு விரலை உயர்த்தி, ஒன்ஸ்மோர் என்றான். கண் மட்டும் கெஞ்சியது.

மறுபடி சொன்னேன். இந்தத் தடவை கண்ணடித்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, அவர்களுக்குப் பிடித்த மாதிரியே சொன்னேன்.